முட்டைக்கோழி எருவின் நைட்ரஜன்: கோடு ஏறுவது எதனால்?

வணக்கம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 1961 முதலான எருத் தரவைக் கொண்டு ஆப்பிரிக்காவையும் மேற்கு ஐரோப்பாவையும் ஒப்பிட்டபோது, ஒரு முட்டைக்கோழிக்கான நைட்ரஜன் அளவு ஆண்டுக்காண்டு அசையாமல் நிற்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பிழை உங்கள் கணக்கில் இல்லை. அந்த அமைப்பின் எண்கள் கொட்டகையில் அளந்தவை அல்ல. கோழிகளின் எண்ணிக்கையை, ஐபிசிசியின் (காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. அறிவியல் குழு) 2006 வழிகாட்டி மண்டலவாரியாகத் தரும் நிலையான விகிதத்தால் பெருக்கிப் பெற்றவை. ஆயிரம் கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு எச்சத்தில் வெளியேறும் நைட்ரஜன் ஆப்பிரிக்காவில் 0.82 கிலோ, மேற்கு ஐரோப்பாவில் 0.96 கிலோ என்பதே அவ்விகிதம், 1.8 கிலோ எடையுள்ள கோழிக்கு அது ஆண்டில் முறையே சுமார் 0.54, 0.63 கிலோ ஆகும். ஆகவே மொத்த நைட்ரஜனைக் காட்டும் கோடு ஏறினால் கோழிகள் பெருகின என்றே பொருள். தீவனத்தில் புரதத்தைக் குறைத்ததன் பலன் அதில் தெரியாது.

இன்னொன்று: எச்சத்தில் வெளியேறிய நைட்ரஜனையும் மண்ணில் இட்ட நைட்ரஜனையும் ஒன்றாகக் கொள்ளாதீர்கள். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் உள்ள என் சிறு கொட்டகையை மழைநாள் காலையில் திறந்தால், நனைந்த மரத்தூளிலிருந்து எழும் அம்மோனியா கண்ணைக் கரிக்கிறது. அது மிளகாய்ப் பாத்திக்குப் போய்ச் சேராத நைட்ரஜன். எருவின் உரப்பயனே உங்கள் கேள்வி என்றால், தரவில் மண்ணில் இட்ட அளவுக்கான நெடுவரிசையை மட்டும் எடுத்து வரையுங்கள்.