இரண்டாம் நாள் பகலுக்குத் தயாராகுங்கள்

‘நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் வீட்டில் இருப்பவர்களுக்குப் பொழுது போக என்ன செய்வது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள் என்று இதற்கு யாராவது பதில் சொன்னால், அவர் வீட்டில் கரண்ட் போய் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது என்று அர்த்தம். நாள் கணக்கில் போனால் பேச்சு முதல் ராத்திரியே தீர்ந்துவிடும். அதற்கு மேல் பேசினால் சண்டைதான்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், ஃபோனிலிருந்து கண்ணெடுக்காத ஒரு பிள்ளையும், டிவி ஓடவில்லை என்றால் வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு பெரியவரும் உங்கள் வீட்டில் இருப்பார்கள் போல. எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு புயலில் கம்பங்கள் சாய்ந்து, கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாத நிலையில், நான், என் கணவர், ஒன்பதாவது படிக்கும் பையன், இரண்டாவது படிக்கும் பெண், மாமியார் எல்லோரும் ஒரே ஹாலில் கிடந்தோம். ‘இன்வெர்ட்டர் வாங்க வேண்டியதுதானே’ என்று எழுதக் கிளம்புகிறவர்களுக்கு: இருக்கிறது. ஃபேனையும் விளக்கையும் போட்டால் அது ஒரு ராத்திரி தாங்கினாலே பெரிய விஷயம். அதைத் திரும்பச் சார்ஜ் செய்யவும் அதே கரண்ட்தான் வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். ராத்திரிக்காகக் கவலைப்படாதீர்கள். இருட்டே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆளைப் படுத்தி எடுப்பது இரண்டாம் நாள் பகல். வெளிச்சம் இருக்கும், ஃபேன் இருக்காது, தூக்கமும் வராது, முதல் நாளின் குஷியும் போயிருக்கும். கையில் இருக்கும் விளையாட்டையெல்லாம் முதல் ராத்திரியே ஆடித் தீர்த்துவிட்டால் அந்தப் பகலில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் ஃபோனுக்கு ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஒரு ஃபோன் மட்டும் உயிரோடு இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஆஃப். சிக்னல் சரியாகக் கிடைக்காத நேரத்தில் ஃபோன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் குடித்துவிடும். அதனால் அந்த ஒரு ஃபோனும் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும், அவ்வப்போது எடுத்துப் பார்த்தால் போதும். பவர்பேங்க்கில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் அவ்வளவும் ஃபோனுக்கு வந்து சேராது. வோல்டேஜ் மாற்றத்தில் ஒரு பங்கு போய்விடும், மூன்றில் இரண்டு பங்கு தேறினால் அதிகம். என் பையன் இதை நம்பாமல் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னான். போட்டேன். பவர்பேங்க்கை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ‘ஹிட்லர்’ என்றான். சரி, இருந்துவிட்டுப் போகிறேன். பிள்ளையிடம் இப்படிக் கறாராக நடக்கலாமா என்று கேட்பவர்கள், அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய ஃபோன் கேம் ஆடியே செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ராத்திரிக்கு வருகிறேன். மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சீட்டாடுவதோ ஊமை நாடகம் போடுவதோ சரிப்பட்டு வராது. முகம் தெரியாது, சின்னப் பிள்ளை கையைக் காலை ஆட்டி எதையாவது தட்டிவிடும். இருட்டில் எடுபடுவது சத்தத்தை வைத்து ஆடும் ஆட்டம். ஒருவர் பக்கத்து அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கையில் கிடைத்ததை வைத்து ஒரு சத்தம் எழுப்ப வேண்டும். என்ன என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பொருளும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

என் பெண்தான் முதலில் போனாள். சாவிக்கொத்து, பையின் ஜிப், தாளைக் கிழிப்பது, பாட்டிலை நசுக்குவது என்று சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. என் மாமியார் மூலையில் படுத்திருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. உள்ளிருந்து ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. பையன் பேனா மூடி என்றான். இவர் சுவிட்ச் என்றார். நான் நகவெட்டி என்றேன். மூலையிலிருந்து அத்தை சொன்னார்: “மூக்குக்கண்ணாடிக் கூடு. என்னோடது. உடைச்சிடாம உள்ள வைடி.”

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவர்தான் ஆட்டத்தையே நடத்தினார். எந்த அலமாரி, எத்தனாவது இழுப்பறை என்றெல்லாம் சொன்னார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், “இடது கால் செருப்புல வார் பிய்ஞ்சிருக்கு பாரு” என்றார். பிய்ந்துதான் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பாட்டியைத் தோற்கடிக்கவே புதிது புதிதாகச் சத்தம் தேடினார்கள், நள்ளிரவு வரை ஓடியது.

எனக்குக் குதூகலம் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் டிவி தெருமுனை வரை கேட்கும் சத்தத்தில் ஓடுகிறது. ‘அம்மாவுக்குக் கேட்கணும்ல’ என்பார் இவர். பிள்ளைகள் பரீட்சைக்குக் குளியலறையில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். ‘அத்தை, சாப்பிட வாங்க’ என்று நான் கிட்டே போய் நின்று கத்தியிருக்கிறேன். வயதானால் முதலில் கேட்காமல் போவது மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் என்பார்கள். பக்கத்து அறையில் கூடு மூடுகிற ‘டிக்’ கேட்கிற காதுக்கு நான் கத்துவது கேட்காதா? அதையும் விடுங்கள். அடுப்படியில் நின்று என் அக்காவிடம் ஃபோனில் நான் பேசியதெல்லாம்? இவரிடம் கேட்டால், ‘வயசானவங்களுக்குச் சில சத்தம் கேட்கும், சில சத்தம் கேட்காது’ என்கிறார். எந்தச் சத்தம் எந்தப் பக்கம் என்று நான் பட்டியலே வைத்திருக்கிறேன். மாமியாரைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கம்பெடுக்க வேண்டாம். அந்த இரவைக் காப்பாற்றியவர் அவர்தான், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி. சத்தம் அலுத்தால் நிழல். இதற்கு மெழுகுவர்த்தியைவிட ஃபோன் டார்ச் மேல், சின்னப் புள்ளியிலிருந்து வெளிச்சம் வருவதால் நிழல் துல்லியமாக விழும். கையைச் சுவரோரம் கொண்டுபோனால் நிழல் சிறிதாக, கூர்மையாக இருக்கும். டார்ச்சுக்குக் கிட்டே கொண்டுவந்தால் பூதாகரமாக விரிந்து ஓரம் மங்கும். இதை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சும்மா வெளிச்சம் வேண்டுமென்றால் அதே டார்ச்சின் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வையுங்கள், அறை முழுக்கப் பரவும்.

வானம் தெளிந்திருந்தால் மொட்டை மாடியோ வாசலோ, எங்கே இடமிருக்கிறதோ அங்கே போய்ப் படுங்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவில் யாராவது ஃபோனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. அன்றைக்கு நியூயார்க் நகரத்துக்காரர்களே தலைக்கு மேல் பால்வீதியைப் பார்த்தார்களாம். நாங்கள் பார்த்தது மேகம்தான். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம்.

இப்போது அந்த இரண்டாம் நாள் பகல். பொழுது போகாதவர்கள் முதலில் போய்த் திறப்பது ஃப்ரிட்ஜைத்தான். எதுவும் வேண்டியிருக்காது, சும்மா திறந்து பார்ப்பார்கள். திறக்காமல் இருந்தால் உள்ளே ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் என்றால் 48 மணி நேரம் வரை தாங்கும், பாதிதான் நிறைந்திருந்தால் 24. கதவில் டேப் ஒட்டினேன். மறுபடி ஹிட்லர்.

பலகை விளையாட்டு இருக்கிறதே என்று பரணிலிருந்து ஒரு வினாடி வினாப் பெட்டியை இறக்கினோம். யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்தது, பிரிக்கவே இல்லை. உள்ளே பலகை இருந்தது, காய்கள் இருந்தன, கேள்விகள் மட்டும் இல்லை. அட்டையில் இருக்கும் கட்டத்தை ஸ்கேன் செய்து ஆப்பில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதனால் நீங்கள் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியில் கைகொடுத்தது பழைய தாள். ஒரு தாளைப் பாதிப் பாதியாக எத்தனை முறை மடிக்கலாம் என்று பையனிடம் கேட்டேன். ‘இருபது’ என்றான் அலட்சியமாக. ஆறாவது மடிப்பில் முக்கினான், ஏழாவதில் முழங்காலை வைத்து அழுத்தினான், அதற்கு மேல் போகவில்லை. செய்தித்தாளை விரித்து முயன்றான், அதுவும் அங்கேயே நின்றது. பிரிட்னி கேலிவன் என்று அமெரிக்காவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண், 2002இல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டாய்லெட் காகிதத்தை 12 முறை மடித்துக் காட்டினாள் என்று சொன்னேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்புறம் கணக்கு: தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 42 முறை மடிக்க முடிந்தால் அது நிலாவைத் தாண்டிவிடும். ‘சும்மா சொல்லாதம்மா’ என்றான். கால்குலேட்டரைத் தட்ட ஃபோன் கேட்டான், கொடுக்கவில்லை. பேப்பரில் இரண்டு இரண்டாகப் பெருக்கிக்கொண்டே போனான். இடையில் தங்கை ஒரு எண்ணை மாற்றி எழுதிவைத்துவிட்டாள், அந்தச் சண்டை தனி. சாயங்காலம் வரை ஓடியது. 4,39,804 கிலோமீட்டர் வந்தது. நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர்தான்.

இதைவிடச் சுலபமான வழியும் ஒன்று உண்டு, வேலை கொடுப்பது. எல்லா வீட்டிலும் ஒரு டப்பாவில் பழைய சார்ஜர், ஒயர், எதற்கென்றே தெரியாத அடாப்டர் எல்லாம் பின்னிப் பிணைந்து கிடக்கும். அதைப் பிரித்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். இவர் அதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எங்களிடம் இப்போது இல்லாத ஃபோன்களுக்கெல்லாம் சார்ஜர் இருந்தது, ஒன்றைக்கூடத் தூக்கிப்போட விடவில்லை. அத்தைக்கு ஒரு பேட்டரி ரேடியோ, தணிவான சத்தத்தில். ‘கேட்குதா?’ என்று கேட்டேன். ‘என்னது?’ என்றார்.

பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அவர் பால்கனியை அடைத்து உள்ளே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும் என்று இவர் போய்ச் சொல்லி வெளியே எடுத்து வைக்கச் செய்தார். அதோடு அவர் எங்களிடம் பேசுவதில்லை, ஒயருக்கு எங்கே போக?

‘ஏன் இவ்வளவு, புத்தகம் படிக்கச் சொல்லலாமே’ என்று கட்டாயம் ஒருவர் வருவார். சொன்னேன். பையன் எடுத்த புத்தகத்தைத் திறந்தபடியே நெஞ்சில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கினான். அந்த இரண்டு மணி நேரம் எனக்கும் ரொம்ப உபயோகமாக இருந்தது, அதனால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.