பிரையன் ஆடம்ஸ் ஒரே ஒரு சினிமாப் பாட்டால் ஓடியவர்தானே? ராக் பாடகராக அவருக்கு அப்படி என்ன பெரிய வியாபாரம்?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. நீங்கள் 2000க்குப் பிறகு பிறந்தவராக இருக்க வேண்டும். வீட்டில் அப்பாவோ மாமாவோ ஒரு பழைய பாட்டைப் போட்டு உருகியிருப்பார். நீங்கள் போனில் தேடியிருப்பீர்கள், அந்த ராபின் ஹுட் படப் பாட்டுதான் முதலில் வந்து நின்றிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதரின் பாட்டால் மூன்று வருடம் வீட்டில் அடுப்பெரிந்த நான் பதில் சொல்லாமல் போனால் நன்றாயிருக்காது.

எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. (சித்தூர் என்றதும் ஆந்திராவா என்று கேட்காதீர்கள், இது வேறு சித்தூர்.) வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், பஸ் போர்டில் மட்டும் மலையாளம். 1989இலிருந்து அங்கே ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். பெரிய கடை இல்லை. ஒரு டபுள் டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர், சுவர் நிறைய கேசட். வருகிறவர்கள் துண்டுச்சீட்டில் பாட்டை எழுதிக் கொடுப்பார்கள், நான் பதிந்து கொடுப்பேன்.

"அது பைரசிதானே" என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், அதுதான். அன்றைக்குத் தெருவுக்கு ஒரு கடை இப்படித்தான் நடந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் பாட்டு வந்தது 1991இல். அதற்குள் அவர் பதிவு செய்ய வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கனடாவிலிருந்து வந்த பொடியனுக்கு ஏ அண்ட் எம் என்ற இசைத்தட்டுக் கம்பெனி எழுதிய முதல் ஒப்பந்தத் தொகை ஒரே ஒரு டாலர். 1979இல் வந்த முதல் டிஸ்கோ பாட்டில் ரீமிக்ஸ் செய்தவர்கள் வேகத்தை ஏற்றிவிட்டதால் அவர் குரல் பெண் குரல் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புரியும். டெக்கில் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடினால் யேசுதாஸே பள்ளிக்கூடப் பையனாகிவிடுவார். அப்படிப் பதிந்து கொடுத்து நானும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

1980இல் முதல் ஆல்பம். ஓடவில்லை. 1981இல் இரண்டாவது. அதற்கு 'பிரையன் ஆடம்ஸும் உங்களைக் கேள்விப்பட்டதில்லை' என்ற அர்த்தத்தில் பெயர் வைக்க நினைத்தாராம். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 1983இல் மூன்றாவது ஆல்பத்தில்தான் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் ஒரு பாட்டு போனது. ஜிம் வாலன்ஸ் என்பவரோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதி எழுதி, பெரிய குழுக்களின் கச்சேரிக்கு முன்னால் பாடிப் பாடி வந்த வளர்ச்சி அது.

அப்புறம் 'ரெக்லெஸ்'. 1984 நவம்பர் 5, அவருடைய 25ஆவது பிறந்தநாளன்று வெளியானது. அந்த ஓர் ஆல்பத்திலிருந்து ஆறு பாட்டுகள் அமெரிக்காவில் முதல் 15 இடங்களுக்குள் போயின. ஒன்று முதலிடமே பிடித்தது. ஆல்பமும் ஒன்பது மாதம் கழித்து, 1985 ஆகஸ்டில், முதலிடத்துக்கு வந்தது. கனடாவுக்குள் பத்து லட்சம் பிரதி விற்ற முதல் கனடிய ஆல்பம் அதுதான். இதெல்லாம் ராபின் ஹுட்டுக்கு ஆறேழு வருடம் முந்திய கதை. ஒரு பாட்டுக்காரர் என்கிறீர்களே!

எனக்கு அந்த ஆல்பம் வந்தது 1990 வாக்கில், பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பத்தின் கல்ஃப் மாமா வழியாக. மொத்தம் 38 நிமிடம்தான். 60 நிமிடக் கேசட்டில் போட்டால் சைடுக்கு 11 நிமிடம் காலி. காசு கொடுத்தவனுக்கு வெறும் டேப் கொடுக்க மனசு வராது. இரண்டு பக்கமும் கடைசியில் இளையராஜா பாட்டு இரண்டிரண்டு போட்டுக் கொடுத்தேன். கல்லூரிப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே, "அண்ணா, அந்த ராஜா பாட்டு இருக்கிற பிரையன் ஆடம்ஸ் கேசட் போட்டுக் குடுங்க" என்று வந்தார்கள். வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டிக் கோயம்புத்தூர் பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது.

1991இல்தான் நீங்கள் சொல்லும் அந்தப் பாட்டு. இங்கிலாந்தில் தொடர்ந்து 16 வாரம் முதலிடம். அமெரிக்காவில் ஏழு வாரம். அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தை மட் லாங்கே என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்தார். அங்கேதான் ஒரு வேடிக்கை. கனடா ரேடியோவில் குறிப்பிட்ட அளவு கனடியப் பாட்டு போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். இசை, பாடுபவர், பதிவு, வரிகள் என்ற நான்கில் குறைந்தது இரண்டு கனடாவுடையதாக இருந்தால்தான் அது கனடியப் பாட்டு. லாங்கே வெளிநாட்டுக்காரர், பாட்டுகளைச் சேர்ந்து எழுதியவர். அதனால் நாட்டிலேயே பெரிய பாடகரின் பாட்டு கனடியப் பாட்டு இல்லை என்று முடிவாகிவிட்டது. அவர் கோபத்தில் கத்தினார். பிறகு விதியையே திருத்த வேண்டியதாயிற்று.

இதைப் பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளைக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்க்கப் போனேன். "நீங்க கேரளாவாச்சே, வெளிமாநிலத்துக்காரங்க வரிசையில போங்க" என்றார்கள். சான்றிதழுக்காக இந்தப் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பம் முழுக்க மலையாளம். தமிழில் எழுதி நீட்டியதற்கு, "தமிழ்நாட்டில் போய்க் கொடு" என்றார் அங்கிருந்தவர். 1956க்கு முன்னால் கோயம்புத்தூர், பாலக்காடெல்லாம் மெட்ராஸ், எங்கள் சித்தூர் மட்டும் கொச்சி ராஜ்ஜியம், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. என் தாத்தா அப்போதும் இதே வீட்டில் இதே தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் எங்கேயும் குடியேறவில்லை, கோடுதான் வந்தது. நாலு முறை நடந்து, கடைசியில் மகளை இந்தப் பக்கமே சேர்த்தேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுத வந்ததும் வாயில் வந்துவிட்டது. மலையாளிகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் கடைக்கு முதல் முதலாக இங்கிலீஷ் பாட்டு கொடுத்ததே ஒரு மலையாளி வீடுதான்.

எங்கே விட்டேன்? ஆம், விற்பனை. அந்தப் பாட்டோடும் அவர் நிற்கவில்லை. 1993இல் ராட் ஸ்டூவர்ட், ஸ்டிங் இரண்டு பேரோடும் சேர்ந்து ஒரு பாட்டு, 1995இல் தனியாக இன்னொன்று, இரண்டும் அமெரிக்காவில் முதலிடம். சினிமாப் பாட்டுக்காக மூன்று ஆஸ்கார் பரிந்துரை. மொத்த விற்பனை ஏழரைக் கோடி என்று சிலர் எழுதுகிறார்கள், பத்துக் கோடி என்று சிலர். எதிலும் என் கடையில் பதிந்தது சேராது. 2018இல் பெங்களூருவில் வந்து பாடினார், நான் போகவில்லை. டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ராக் என்று சொல்லிக்கொண்டு உருகுகிற பாட்டுகளால் சம்பாதித்தார் என்பார்கள் சிலர். இருக்கலாம். நான் விற்றதிலும் உருகல்தான் அதிகம்.

அந்த 1991 ஆல்பத்தில் எனக்கு ஒரு தொழில் சிக்கல் இருந்தது. 15 பாட்டு, 75 நிமிடத்துக்குக் கிட்ட. 90 கேசட் வேண்டும். 90இல் டேப் மெல்லிசு, பழைய செட்டில் சுருண்டு மாட்டிக்கொள்ளும், பழி என் மேல் வரும். எல்லோரும் 60இலேயே கேட்டார்கள். அதில் போட்டால் நீங்கள் சொல்லும் அதே பாட்டு (ஆல்பத்தில் அது ஆறரை நிமிடம்) முடிவதற்குள் டேப் தீர்ந்துவிடும். பின்னால் இருக்கும் மூன்று பாட்டை யாரும் கேட்கவில்லை, அது போகட்டும். ஆனால் இந்தப் பாட்டு கத்தரித்த மாதிரி நின்றால் நன்றாயிருக்காது. அதனால் கடைசி நிமிடத்தில் லெவல் குமிழை நானே மெல்ல மெல்ல இறக்குவேன். ஒவ்வொரு கேசட்டுக்கும் பக்கத்தில் நின்று கையால். எத்தனை நூறு கேசட் என்று கணக்கு வைக்கவில்லை.

எம்பி3 சிடி வந்து கடை படுத்தது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள், அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி இங்கே வர ஆரம்பித்தார்கள். அதே கடையில் இப்போது லாட்டரிச் சீட்டு விற்கிறேன். போன வருடம் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும். பலகையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஏனுங்கண்ணா, நீங்கதான அந்த கேசட் கடை?" என்றார். ஆமாம் என்றேன்.

"அந்தப் பாட்டை இப்பப் போன்ல கேட்டா என்னமோ தப்பா இருக்குதுங்க. அது பாட்டுக்கு நீண்டுட்டே போகுது. நீங்க போட்டுக் குடுத்ததுலதான் சரியா முடியும்."

ஓணம் பம்பர் ஒன்று எடுத்துக்கொண்டு போனார்.