சுவரில் சோலார் பேனல்: தெற்கா, மேற்கா?

கேள்வி: சென்னையில் எங்களுடையது நாலு மாடிக் குடியிருப்பு. மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகள். தெற்குச் சுவர் காலியாக இருக்கிறது. அடுத்த கட்டடம் 6 மீட்டர் தள்ளி. அந்தச் சுவரில் பேனல் மாட்டினால் கட்டுப்படியாகுமா? எப்படிக் கணக்கிடுவது?

பதில்: தெற்குச் சுவர் என்றதும் ஆசை வருவது இயல்பு. ஐரோப்பாவில் அதுதான் முதல் தேர்வு. சூரிச் நகரில் டிசம்பர் நண்பகல் சூரியன் 19 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வெயில் கிட்டத்தட்ட நேராகச் சுவரில் அடிக்கும். ஒவ்வொரு கட்டடத்தின் சுவருக்கும் எவ்வளவு வெயில் என்று சொல்ல சுவிட்சர்லாந்து அரசே ஓர் இணையதளம் நடத்துகிறது.

சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில் தலைக்கு நேர் மேலே வரும் சூரியன், ஆகஸ்ட் நடு வரை வடக்குப் பக்கமாகவே போகிறது. அந்த நாட்களில் உங்கள் தெற்குச் சுவரில் காலை முதல் மாலை வரை நேரடி வெயில் விழாது. கத்திரி வெயிலில்கூட! டிசம்பரில் நன்றாக விழ வேண்டும், ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மிச்சம் இருப்பது முக்கியமாக ஜனவரி, பிப்ரவரி. மாடியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தருகிறது என்றால், மறைப்பே இல்லாத சுவரில் அதில் பாதியை ஒட்டித்தான் எதிர்பார்க்கலாம்.

அடுத்தது பக்கத்துக் கட்டடம். பேனலின் கீழ் விளிம்பிலிருந்து அது எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளந்து, இடைவெளியால் வகுத்து, கால்குலேட்டரில் tan⁻¹ போட்டுப் பாருங்கள். வருவதுதான் மறைப்புக் கோணம்; நண்பகல் சூரியன் அதைவிட உயரத்தில் நின்றால்தான் பேனலில் வெயில் விழும். முதல் மாடி உயரத்திலிருந்து 10 மீட்டர் எழும்பினால் மறைப்புக் கோணம் 59 டிகிரி. டிசம்பர் நண்பகல் சூரியனே 53 டிகிரிதான். ஆக, நன்றாக வெயில் விழ வேண்டிய டிசம்பரிலும் அங்கே நிழல்தான். மேல் மாடியில் 2 மீட்டர்தான் எழும்புகிறது என்றால் 18 டிகிரி. அந்தப் பட்டையை மட்டும் கணக்கில் எடுங்கள்.

குளோபல் சோலார் அட்லஸ் தளத்தில் உங்கள் இடத்தைக் குறித்து, சாய்வு 90 என்றும், திசை தெற்குக்கு 180, மேற்குக்கு 270 என்றும் கொடுத்தால் ஆண்டு உற்பத்தியைக் காட்டும். இலவசம்தான். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

என் யோசனை: முதலில் தொட்டிகளுக்கு மேலே இரும்புச் சட்டம் எழுப்பி அங்கே பேனல் போடுங்கள். அது போதவில்லை என்றால் மேற்குச் சுவரைப் பாருங்கள். அங்கே ஆண்டு முழுக்கப் பிற்பகல் வெயில் உண்டு. பேனல் நிழலில் சுவர் காய்வதும் குறையும், அறையில் இருப்பவர்களுக்கே அது தெரியும். சுவரை ஒட்டிச் செங்குத்தாக மாட்டாமல், ஜன்னல் சன்ஷேடு மாதிரி சாய்த்து நீட்டினால் உற்பத்தி இன்னும் கூடும். நிழல் அங்கங்கே விழும் இடம் என்றால், ஒவ்வொரு பேனலுக்கும் தனியாக ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சிறு கருவி) கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பேனலில் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துவிடும்.

அப்புறம், 550 வாட் பேனல் ஒன்று சுமார் 28 கிலோ. புயல் வரும் ஊர் இது. போல்ட்டுகள் செங்கலில் அல்ல, கான்கிரீட் பீமிலோ தூணிலோ இறங்க வேண்டும். எங்கே இறக்கலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.