வேலி றோட்டுக்கு வந்திட்டுது, நாங்களே வெட்டலாமோ?

கேள்வி: நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். என்ர மனுசனுக்கு சண்டையில கால் போனது, சக்கர நாற்காலியிலதான் திரியிறார். பக்கத்துக் காணிக்காரர் கனடாவில. வேலிக்கு நட்ட கிளிசறியாக் கதியால் (உயிர்க்கம்பு) எல்லாம் தழைச்சு றோட்டுக்கரையை மூடிட்டுது, இவர் டிப்பர் ஓடுற றோட்டில நடுவால போகவேண்டிக் கிடக்கு. காணி பாக்கிறவருக்கும் சபைக்கும் சொல்லியாச்சு, பாப்பம் எண்டினம். நாங்களே வெட்டலாமோ?

பதில்: தங்கச்சி, தயவுசெய்து கத்தியை எடுக்காதேங்கோ. உங்கட கோவம் நியாயம், ஆனா மற்றவன்ர வேலியில கைவச்சா அத்துமீறல், நட்டம் எண்டு பொலிசுக்குப் போவினம், பிறகு றோட்டு மறிச்ச கதை பின்னுக்குப் போய் நீங்கள் கோட்டில எதிரியா நிக்கவேண்டி வரும்.

முதல்ல றோட்டு ஆற்ற எண்டு ஜி.எஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) கேளுங்கோ. ஏ, பி றோட்டெண்டா வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி எண்டா மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், மிச்ச உள்வீதியள் பொதுவா பிரதேச சபை. பிழையான கந்தோருக்குக் குடுத்தா அது மேசையிலயே கிடக்கும். வாயால சொன்னதுக்குப் பதிவு இல்லை, அதால கடிதம் எழுதி பதிவுத் தபால்ல போடுங்கோ, கொப்பி ஒண்டு வச்சிருங்கோ. றோட்டுக்கரையில எத்தினை அடி மிச்சம் கிடக்கு, நாற்காலி எத்தினை அடி அகலம் எண்டு ரேப் பிடிச்சு அளந்து எழுதுங்கோ, திகதி தெரியிற போட்டோவும் வையுங்கோ. இந்த அளவுதான் பிறகு கோட்டில உங்களுக்காகக் கதைக்கும். காணி பாக்கிறவருக்கும் ஒரு கடிதம், அவர் அதை அங்க அனுப்பட்டும்.

பதில் வராட்டி 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில, என்ர முறைப்பாட்டுக்கு என்ன செய்தனீங்கள் எண்டு எழுதிக் கேளுங்கோ, தமிழிலயே கேக்கலாம். 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு அவை முடிவு சொல்லவேணும். கனபேர் இதைப் பாவிக்கிறேல்ல, எனக்கு அது சரியான கவலை.

அதுக்கும் அசையாட்டி பொலிசில முறைப்பாடு குடுங்கோ, விசயம் அவையால நீதவானிட்டப் போகலாம். 1979ம் ஆண்டு 15ம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 98ம் பிரிவில, பொதுவழியில கிடக்கிற தடையை அகற்று, இல்லாட்டி வந்து காரணம் காட்டு எண்டு நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். ஆனா அது சனம் பாவிக்கிற பொதுவழியா இருக்கவேணும். ரெண்டு மூண்டு வீட்டுக்கு மட்டுமான தனியார் ஒழுங்கை எண்டா வழி வேற, பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கிற மத்தியஸ்த சபையில துவங்கிறது நல்லம்.

இன்னொண்டு, மீள்குடியேறி வந்த காலத்தில கொஞ்ச இடங்களில வேலியே றோட்டுக்குள்ள தள்ளிப் போட்டவை. கதியாலே வீதிக்காணியில நிண்டா கொப்பு வெட்டிப் பிரியோசனமில்லை, நில அளவைப் படத்தைப் பாக்கச் சொல்லிக் கடிதத்திலயே கேளுங்கோ.

மாரி துவங்கினா கிளிசறியா கிழமையில எழும்பிடும், அதுக்கு முன்னம் இந்தக் கிழமையே தபால் கந்தோருக்குப் போங்கோ.