வாசகர் கேள்வி – பதில்: வெள்ளம் வந்து நின்ற இடம்

கேள்வி: எமது பாடசாலையில் ஒரு மடிக்கணினியும் ஒரு புரொஜெக்டரும் உள்ளன, இணையம் பல நாள்களில் கிடைப்பதில்லை. பத்தாம், பதினோராம் தர மாணவருக்கு இயற்கை இடர்களைக் கற்பிக்க இவற்றை எவ்வாறு பயன்படுத்தலாம்? இதுவரை சுனாமிக் காணொளிகளையே காட்டி வந்துள்ளேன்.
– புவியியல் ஆசிரியை, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: காணொளியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். வீடுகளை அலை அள்ளிச் செல்லும் காட்சியை அவர்கள் முன் திடீரெனத் திரையிடுவது கற்பித்தல் ஆகாது. அத்துடன், காணொளி பார்க்கும் மாணவருக்குச் செய்வதற்கென எதுவும் இருப்பதில்லை. ஓர் அளவைத் தாமே மாற்றி, விளைவு எப்படி மாறுகிறது என்று பார்க்கும்போதுதான் காரணம் மனத்தில் பதிகிறது.

இதற்கு எக்செல் போதும். புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கடலின் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் சுனாமி அலையின் வேகம் கிடைக்கும். ஆழம் 4000 மீற்றர் எனில் மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீற்றர். 10 மீற்றர் எனில் வெறும் 36. கரையை நெருங்கும் நீர் வேகம் தளர, பின்னால் வருவது அதனோடு வந்து நெருக்க, அலை உயர்கிறது என்பதை மாணவரே கண்டு சொல்வர். சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை எமது கரையை எப்படி எட்டியது என்பதற்கும் இதே கணக்கில் விடை உண்டு.

ஆனால் வன்னி மாணவர் ஆண்டுதோறும் எதிர்கொள்வது வெள்ளம். அதிக நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள். கூகுள் ஏர்த்தின் கணினிப் பதிப்பு, இணையமுள்ள இடத்தில் ஒருமுறை திறந்து பார்த்த பகுதிகளைச் சேமித்து வைத்திருக்கும். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தில் சேர்வதையும், அங்கிருந்து வெளியேறும் நீர் சுண்டிக்குளம் நோக்கிச் செல்வதையும் மாணவர் அதில் தொடரட்டும். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பகுதிகளில் வெள்ளம் எதுவரை வந்து நின்றது என்று அம்மம்மாவிடமும் அயலவரிடமும் கேட்டுவந்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அடையாளப் புள்ளி இடச் செய்யுங்கள். எமது நிலம் தட்டையானது. திரை காட்டும் உயரத்தில் ஓரிரு மீற்றர் பிழை இருந்தாலே, ஒரு வீடு மூழ்குமா என்ற கேள்விக்கான விடை மாறிவிடும். ஆகவே சுவரில் உள்ள வெள்ளக்கறையையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். இந்த ஒப்பீட்டைத்தான் பாடத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: கணினி விளையாட்டால் கற்பிப்பது நேர விரயம் என்கின்றனர் பெற்றோர். உண்மையா?
– ஆசிரியர், மல்லாவி

பதில்: விளையாட்டோடு பாடத்தை முடித்தால் உண்மைதான். அனர்த்த அபாயக் குறைப்புக்கான ஐ.நா. அலுவலகத்தின் ‘ஸ்டொப் டிசாஸ்டர்ஸ்’ விளையாட்டில், கொடுத்த பணத்துக்குள் ஊரைப் பாதுகாக்க வேண்டும். வெள்ளம், சுனாமி உட்பட ஐந்து இடர்கள் அதில் உண்டு. ஆங்கிலத்தில் உள்ளதால் முதலில் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். ஆடி முடித்ததும், எதற்குச் செலவிட்டீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று ஒவ்வொரு குழுவையும் எழுதச் செய்து, அந்தத் தாளைப் பெற்றோருக்குக் காட்டுங்கள்.