பிளஸ் டூவுக்கு அப்புறம் டெல்லி காலேஜ்: கேளுங்க, சொல்றேன்

இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சு டெல்லி யூனிவர்சிட்டி காலேஜ்ல சேர்ந்திருக்கிற நம்ம பிள்ளைகளுக்கும், அவங்களை விடப் பதற்றமா இருக்கிற அப்பா அம்மாக்களுக்கும் இந்தக் கேள்வி பதில். ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் நடுவுல எது மாறுது, பிள்ளைங்க எங்க சறுக்குறாங்க, அதைக் கேளுங்க. அட்மிஷன் கேள்வி மட்டும் வேண்டாம், அது இன்னொரு நாள்.

ஆர்.கே.புரம் மாணவி: அக்கா, ஸ்கூல்ல காலைல போனா ரெண்டு மணி வரைக்கும் ஒரே இடத்துல உட்காரணும். காலேஜ்ல கிளாஸ் பாதிதானே?

பாதியெல்லாம் இல்லைம்மா. எண்ணிப் பாரு. ஸ்கூல்ல 40 நிமிஷப் பீரியட் எட்டு, வாரம் அஞ்சு நாள். கிட்டத்தட்ட 27 மணி நேரம். காலேஜ்ல இப்ப இருக்கிற 2022 பாடத்திட்டப்படி ஆனர்ஸ் முதல் செமஸ்டர்ல ஏழு பேப்பர், 22 கிரெடிட். மெயின் பாடம் மூணு, வேற துறையிலிருந்து எடுக்கிற ஜி.இ. ஒண்ணு. இந்த நாலும் நாலு கிரெடிட். அப்புறம் ஏ.இ.சி. (மொழி, சுற்றுச்சூழல்), எஸ்.இ.சி. (திறன்), வி.ஏ.சி. (மதிப்புக் கல்வி)ன்னு ரெண்டு கிரெடிட் பேப்பர் மூணு. ஒரு கிரெடிட் லெக்சர்னா வாரம் ஒரு மணி, பிராக்டிகல்னா ரெண்டு மணி. கூட்டினா ஆர்ட்ஸ்ல வாரம் 24, 25 மணி வரும். லேப் உள்ள கோர்ஸ்ல அதுக்கும் மேல.

மாறுறது மணிக்கணக்கு இல்லை, இடைவெளி. 8:30க்கு ஒரு கிளாஸ், அடுத்தது 11:30க்கு, கடைசி டியூட்டோரியல் (சின்னக் குழுவா நடக்கிற கிளாஸ்) 3:30க்கு. நடுவுல இருக்கிற நேரத்துக்கு மணி அடிக்க ஆள் கிடையாது. டைம்டேபிள் கையில வந்ததும் அந்த இடைவெளிகளை எழுதி வெச்சு, அதுல ரெண்டையாவது லைப்ரரிக்குன்னு ஒதுக்கிடு. எல்லாத்தையும் கேன்டீனுக்குக் கொடுத்தா படிப்பு ராத்திரி பத்து மணிக்குத் தள்ளிப்போகும்.

முனிர்கா மாணவர்: அட்டெண்டன்ஸ் எவ்வளவு வேணும்?

சி.பி.எஸ்.இ.ல 75 சதவீதம். இங்க மூணுல ரெண்டு பங்கு, 66.67. குறைஞ்சதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. ஸ்கூல்ல நாள் கணக்கு: காலைல பேர் கூப்பிடும்போது இருந்தா அன்னிக்கு முழுசும் வந்த மாதிரி. இங்க ஒவ்வொரு கிளாஸும் தனி எண்ணிக்கை. வாரம் மூணு லெக்சர், 15 வாரம்னா 45. அதுல 30க்கு வந்தாகணும். ஆசிரியர் லீவுல இருந்து 36 கிளாஸ்தான் நடந்ததுன்னா நீங்க விடக்கூடியது 15 இல்லை, 12. நடக்காத கிளாஸை உங்க விடுப்புக் கணக்குல சேர்த்துக்கிட்டுத்தான் பலரும் மாட்டறாங்க.

உடம்பு சரியில்லைன்னா டாக்டர் சர்டிபிகேட்டைத் திரும்பி வந்த வாரமே ஆபீஸ்ல கொடுத்து நகல்ல சீல் வாங்கிக்கோங்க. பரீட்சைக்கு முன்னாடி நாள் கொண்டு போனா யாரும் மதிக்க மாட்டாங்க.

ரோகிணி, ஒரு அப்பா: பையனுக்கு க்யூட் நுழைவுத் தேர்வு ஸ்கோர் கொஞ்சம் குறைவு. அடுத்த ரவுண்டுல நார்த் கேம்பஸ் கிடைக்குமா?

அட்மிஷன் இன்னிக்கு இல்லை சார்.

ஜனக்புரி மாணவி: நான் டி.டி.இ.ஏ. (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) ஸ்கூல். டுவெல்த்ல 94. காலேஜ்ல மார்க் எப்படி வரும் அக்கா?

இதுக்கு நீளமாவே சொல்றேன். சி.பி.எஸ்.இ.ல லேப் இல்லாத பாடத்துக்கு 80 எழுத்துத் தேர்வு, 20 இன்டர்னல். அந்த 20ஐ ஸ்கூலே கிட்டத்தட்ட முழுசாப் போட்டு அனுப்பிடும். நீ அதைப் பத்தி யோசிச்சே இருக்க மாட்ட. இங்க டியூட்டோரியல் உள்ள நாலு கிரெடிட் பேப்பர் 160 மார்க்: செமஸ்டர் பரீட்சை 90, இன்டர்னல் 30, டியூட்டோரியல் மதிப்பீடு 40. அந்த 30ல கிளாஸ் டெஸ்ட் 12, அசைன்மென்ட் 12, அட்டெண்டன்ஸ் 6. டியூட்டோரியல் 40லயும் அட்டெண்டன்ஸுக்கு 5. ஆக, பரீட்சை ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே 70 மார்க் முடிவாயிடும். அசைன்மென்டை ஒரு வாரம் தாமதமாக் கொடுத்து அஞ்சு மார்க் போனா, அதை மூணு மணி நேரப் பரீட்சைல மீட்கறது லேசு இல்லை.

எச்சரிக்கை: செமஸ்டர் முடியும்போது இன்டர்னல் மார்க்கைப் பார்க்கச் சொல்லிக் காட்டுவாங்க. பாருங்க. கூட்டல் தப்பு வரும், அசைன்மென்ட் கொடுத்தவங்களுக்கும் பூஜ்யம் விழும். யூனிவர்சிட்டிக்கு ஏத்தின பிறகு திருத்தணும்னா நாய் படாத பாடு. அசைன்மென்ட் மெயில்ல அனுப்பினா அந்த மெயிலை ரிசல்ட் வரும்வரை அழிக்காதீங்க.

கரோல் பாக் மாமா: நீங்க பிள்ளைகளைப் பயமுறுத்தறீங்க. எங்க காலத்துல வருஷத்துக்கு ஒரே பரீட்சை. கடைசி ரெண்டு மாசம் கைடு வாங்கிப் படிச்சோம், பாஸ் பண்ணோம். ஸ்கூல்தான் கஷ்டம், காலேஜ் சுகம்.

மாமா, அந்த முறை முடிஞ்சுபோச்சு. 2010ல அறிவியல் பாடங்களுக்கும் 2011ல மத்ததுக்கும் செமஸ்டர் வந்துடுச்சு. ஸ்கூல்ல ஒரு வருஷத்துக்கு அஞ்சு பாடம். இங்க ஒரு வருஷத்துக்கு 14 பேப்பர். கடைசி ரெண்டு மாசம்னா இப்ப பாதி செமஸ்டர்.

மயூர் விஹார்: மாமா சொல்றதுல நியாயம் இருக்கு. வருஷப் பரீட்சைல ஒரு புத்தகத்தை முழுசாப் படிக்க நேரம் இருந்தது. செமஸ்டர்ல அள்ளித் திணிக்கிறாங்க.

அதை ஒத்துக்கறேன். 15 வாரத்துல நாலு யூனிட் முடிக்கணும்னா ஆசிரியர் ஓடத்தான் செய்வார். ஆனா ஒரே பரீட்சைல காய்ச்சல் வந்தா வருஷமே போகும், அதையும் நினைச்சுப் பாருங்க.

கரோல் பாக் மாமா: 14ல பாதி ரெண்டு கிரெடிட் பேப்பர். அதெல்லாம் ஒரு பாடமா? சும்மா!

பாதியும் இல்லை, சும்மாவும் இல்லை. 14ல ஆறு. கணக்குப் போட்டுக் காட்டறேன். நாலு பெரிய பேப்பர்லயும் கிரேடு பாயின்ட் 8: 16 கிரெடிட், 128. மூணு சின்ன பேப்பரை அலட்சியமா விட்டு 5 வாங்கினா 30. மொத்தம் 158, அதை 22ஆல வகுத்தா 7.18. அதே மூணுல 9 வாங்கினா 54, மொத்தம் 182, வகுத்தா 8.27. மெயின் பாடத்துல ஒரு மார்க் கூட மாறலை, ஆனா ஒரு பாயின்டுக்கு மேல வித்தியாசம். யோகா, சுற்றுச்சூழல்னு பேரைப் பார்த்து இளக்காரமா நினைச்சவங்க சி.ஜி.பி.ஏ.ல (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி கிரேடு) அழுவாங்க.

மயூர் விஹார்: மாமாவுக்கு இந்த ரவுண்டுல ஃபெயில்.

சரி, விடுங்க. அடுத்தது.

துவாரகா மாணவி: பதில் எப்படி எழுதறது? ஸ்கூல்ல பாயின்ட் பாயின்டா எழுதுவோம்.

நல்ல கேள்வி. ஸ்கூல்ல திருத்தறவர் கையில எந்தப் பாயின்டுக்கு எத்தனை மார்க்னு பட்டியல் இருக்கும், மூணு மார்க்குன்னா மூணு பாயின்ட். என்.சி.இ.ஆர்.டி. புத்தக வரி அப்படியே இருந்தா முழு மார்க். இங்க ஆர்ட்ஸ் பேப்பர்ல அடிக்கடி வர்ற அமைப்பு, எட்டு கேள்வில அஞ்சு, ஒவ்வொண்ணும் 18 மார்க். 180 நிமிஷத்தை அஞ்சால வகுத்தா 36. முதல் நாலு நிமிஷம் ஓரத்துல குறிப்பு, அப்புறம் எழுத்து. கேள்வில 'விமர்சிக்க'ன்னு இருந்தா, தெரிஞ்சதெல்லாம் கொட்டறதுக்கு மார்க் கிடையாது. முதல் பத்திலயே உன் நிலைப்பாடு, அப்புறம் அதுக்கு ஆதரவு, மறுப்பு, படிச்ச ரெண்டு அறிஞர்களோட வாதம். நாலு கேள்வியைப் பிரமாதமா எழுதி அஞ்சாவதை விட்டா 18 போச்சு. நேரம் தவறுறதுதான் முதல் செமஸ்டர்ல பெரிய சறுக்கல்.

ஒரே புத்தகம் கிடையாது. சிலபஸ்ல யூனிட் வாரியா ரீடிங் லிஸ்ட் இருக்கும், பல இடத்துல பக்க எண்ணோட. அந்தப் பக்கங்களைப் படிச்சாப் போதும், 400 பக்கப் புத்தகத்தை முதல்லேர்ந்து ஆரம்பிக்காதே. பழைய கேள்வித்தாள் எடுக்கும்போது தலைப்பை நம்பாம, அதுல அச்சடிச்ச பேப்பர் கோட் நம்பரைப் பாரு. 2022க்கு முந்தின தாள்னா யூனிட் மாறியிருக்கலாம்.

முனிர்கா, இன்னொரு மாணவர்: அட்டெண்டன்ஸ் மினிமம் எவ்வளவு அக்கா?

மேல இருக்கு தம்பி.

சென்னைலேர்ந்து வந்தவர்: இங்க அரியர் உண்டா?

உண்டு, பேர் வேற. இங்க இ.ஆர். (எசென்ஷியல் ரிப்பீட்)னு சொல்வாங்க. அந்தப் பேப்பரோட பரீட்சை மறுபடி நடக்கும்போது தனியா ஃபார்ம் நிரப்பணும். தானா சேராது. தமிழ்ல பதில் எழுத முடியாது. பொதுவா ஆங்கிலம் இல்லைன்னா ஹிந்தி, அதுவும் ஒரு தாள் முழுக்க ஒரே மொழி.

சாகேத், ஒரு அம்மா: ஸ்கூல் மாதிரி பேரண்ட்ஸ் மீட்டிங் நடக்குமா? பொண்ணு மார்க்கை யாரைக் கேட்கறது?

பொண்ணைத்தாங்க கேட்கணும்.

ஆர்.கே.புரம்: ராகிங் பயமா இருக்கு.

யு.ஜி.சி. ஹெல்ப்லைன் 1800-180-5522, எந்த நேரமும் கூப்பிடலாம். போன்ல பதிஞ்சு வெச்சுக்கோ.

ஆர்.கே.புரம்: மெட்ரோவுக்கு ஸ்டூடன்ட் பாஸ் உண்டா? நார்த் கேம்பஸ் போகணும்.

மெட்ரோல மாணவர் சலுகை கிடையாது. ஸ்மார்ட் கார்டுல 10 சதவீதம் குறையும். காலைல 8க்கு முன்னாடி, மதியம் 12லேர்ந்து 5, ராத்திரி 9க்கு மேல போனா இன்னொரு 10. மெஜந்தால ஹவுஸ் காஸ், அங்கேர்ந்து மஞ்சள் லைன்ல விஸ்வவித்யாலயா. காலை 8:30 கிளாஸ்னா எப்படியும் எட்டுக்கு முன்னாடிதான் ஏறணும்.

ரோகிணி அப்பா: கடைசியா ஒண்ணு, டுவெல்த் மார்க்கைச் சேர்ப்பாங்களா அட்மிஷனுக்கு?

சார்! ரேங்க் க்யூட் ஸ்கோர்லதான். டுவெல்த் மார்க் சம ஸ்கோர் வந்தா பிரிக்கறதுக்கு. இதோட போதும்.

முனிர்கா மாணவர்: பரீட்சை ஃபார்ம் காலேஜே நிரப்பிடுமா அக்கா? டுவெல்த்ல ஸ்கூலே பண்ணினாங்க.

நிரப்பாது. ஸ்கூல்ல ஒன்பதாவதுலயும் பதினொண்ணுலயும் பேர் பதிஞ்சு, டுவெல்த் பட்டியல் அனுப்பினது எல்லாம் ஆபீஸ். இங்க போர்ட்டல்ல நீங்களே நிரப்பணும், ஏழு பேப்பரையும் ஒவ்வொண்ணா. ஜி.இ.ல ஒரு பேர், நீங்க உட்கார்ந்தது வேற பேர்னு இருந்தா அப்பவே ஆபீஸுக்கு ஓடுங்க. அட்மிட் கார்டு வந்ததும் மறுபடி அதே ஏழையும் சரிபாருங்க. கடைசி தேதி நோட்டீஸ் காலேஜ் வெப்சைட்ல வரும், வாட்ஸாப்ல வர்றதை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. இன்டர்னல் மார்க்கையும் பாருங்க, இன்னொரு தடவை சொல்லிட்டேன்.