வரி இல்லை என்றால் விலையும் குறைவா?

கேள்வி: வெளிநாடு போய் வரும்போதெல்லாம் உறவினர்கள் ஒரு பட்டியலைக் கொடுத்து, விமான நிலைய டியூட்டி ஃப்ரீ (வரியில்லா) கடையில் வாங்கி வரச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே சாக்லேட்டும் சென்ட்டும் வெளிக்கடை விலைக்கே விற்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கடைகளில் வாங்குவது உண்மையில் லாபமா?

பதில்: உங்களுக்குத் தோன்றியது பெரும்பாலும் சரிதான். மது, சிகரெட் இரண்டிலும் பல நாடுகளில் நல்ல லாபம் உண்டு. சென்ட்டிலும் ஒப்பனைப் பொருள்களிலும் சில நேரம் ஓரளவு குறையும். சாக்லேட், மின்னணுச் சாதனம், கைக்கடிகாரம் போன்றவற்றில் பொதுவாகக் கையில் எதுவும் மிஞ்சாது என்பது என் கணிப்பு. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தைப் புரிந்துகொண்டால், எந்த நாட்டு விமான நிலையத்தில் நின்றாலும் நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

மது, புகையிலை ஆகிய இரண்டின் மீதும் அரசாங்கங்கள் கலால் வரி என்ற கடுமையான தனி வரியை விதிக்கின்றன. அதற்கு மேல் விற்பனை வரியும் சேர்கிறது. சில நாடுகளில் ஒரு சிகரெட் பெட்டியின் விலையில் பாதிக்கு மேல் வரிதான். அந்தப் பாரம் நீங்கும்போது, கடைக்காரர் தமக்குத் தாராளமாக எடுத்துக்கொண்டாலும் வாங்குபவருக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. சென்ட்டுக்கும் சாக்லேட்டுக்கும் பெரும்பாலான நாடுகளில் அப்படிக் கலால் வரி கிடையாது. விற்பனை வரியோ மதிப்புக் கூட்டு வரியோ மட்டும்தான். அந்த வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 120-க்கு விற்கும் பொருள், வரி முழுவதும் நீங்கினால் 100-க்குக் கிடைக்க வேண்டும். அதாவது, எல்லாமே உங்களுக்கு வந்து சேர்ந்தாலும் மிச்சம் ஆறில் ஒரு பங்குதான். வெளிக்கடையில் தள்ளுபடிக் காலத்தில் வாங்கினாலே அந்த அளவு குறைந்துவிடும்.

அந்த ஆறில் ஒரு பங்காவது முழுமையாக வந்து சேருமா என்பது அடுத்த கேள்வி. வரியைக் கைவிடுவது அரசு. விலையை நிர்ணயிப்பது கடை. விட்டுக்கொடுத்த வரியை வாங்குபவருக்குத் தர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. விமான நிலையங்களும் கடைகளிடமிருந்து விற்பனையில் கணிசமான பங்கை வாடகையாகப் பெறுகின்றன. அந்தச் செலவும் விலையில்தான் ஏறும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு இது பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. விமான நிலையக் கடைகள் பில் போடும்போது எல்லாப் பயணிகளிடமும் போர்டிங் பாஸ் கேட்டன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே செல்பவர்களுக்கு விற்ற பொருள்களின் மதிப்புக் கூட்டு வரியைக் கழித்துக்கொள்வதற்காகவே கேட்டார்கள் என்பதும், பல கடைகள் அந்தத் தொகையைப் பயணிக்குத் தரவில்லை என்பதும் அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. பின்னர், 2021 ஜனவரி முதல் அங்கே மது, புகையிலை தவிர்த்த மற்றப் பொருள்களுக்கான அந்த வரிவிலக்கே நீக்கப்பட்டுவிட்டது. கடையின் முகப்பில் எழுதியிருப்பதை நம்பி விலையை ஒப்பிடாமல் வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த ஏற்பாடு தொடங்கிய காலத்தில் அதன் நியாயம் மிகத் தெளிவாக இருந்தது. 1947-இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓ'ரீகன் என்பவரின் முயற்சியால் இத்தகைய முதல் கடை உருவானது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கின. அந்தப் பயணிகள் அந்த நாட்டுக்குள் நுழையவே இல்லை என்பதால், அந்த நாட்டு வரியை அவர்கள் ஏன் கட்ட வேண்டும் என்பதே அடிப்படை. நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும் பொருளுக்குத்தான் சலுகை என்ற அந்தக் கருத்தின்படியே, உறுப்பு நாடுகள் எல்லாம் ஒரே சந்தையாகிவிட்ட பிறகு ஐரோப்பிய ஒன்றியம் அந்நாடுகளுக்கிடையிலான பயணங்களுக்கு 1999 ஜூலையில் இச்சலுகையை நிறுத்தியது.

விலையை ஒப்பிடும்போது அளவைக் கவனிக்கத் தவறாதீர்கள். வெளியே 700 மில்லிலிட்டர் புட்டியில் விற்கும் மது, விமான நிலையத்தில் பெரும்பாலும் 1 லிட்டர் புட்டியாக இருக்கும். சிறிய புட்டி 28, பெரிய புட்டி 36 என்றால், பார்த்தவுடன் விமான நிலைய விலை அதிகமாகத் தெரியும். லிட்டர் கணக்கில் பார்த்தால் வெளியே 40, உள்ளே 36. சாக்லேட்டில் இது தலைகீழாக நடப்பதுண்டு. பயணிகளுக்கென்றே தயாரித்த பெரிய பெட்டியில் பல சிறு பொட்டலங்களை அடுக்கியிருப்பார்கள். வெளிக்கடையில் அதே பெட்டி இல்லாததால் ஒப்பிட வழியில்லாமல் போகிறது. பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் கிராம் அளவைப் பார்த்து, 100 கிராமுக்கு என்ன விலை என்று கைபேசியிலேயே வகுத்துப் பாருங்கள்.

மின்னணுச் சாதனங்களைப் பொறுத்தவரை விலையைவிட உத்தரவாதமே முக்கியம். வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும் உத்தரவாதம் என்றால், ஊர் திரும்பிய பின் பழுதானால் கேட்க ஆளிருக்காது.

கேள்வி: வழியில் வேறொரு விமான நிலையத்தில் விமானம் மாறுகிறேன். முதல் நிலையத்தில் வாங்கிய மதுப்புட்டியைக் கையில் கொண்டுபோக விடுவார்களா?

பதில்: இதில் பணத்தை இழப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2006-க்குப் பிறகு உலகின் பெரும்பாலான விமான நிலையங்களில், கையில் கொண்டுபோகும் திரவம் ஒரு கலனுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்தது. டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியதை, திறந்தால் தெரிந்துவிடும் ஒட்டுமுத்திரை கொண்ட ஒளி ஊடுருவும் பையில் ரசீதோடு வைத்துத் தருவார்கள். அந்தப் பையை இறுதி ஊர் வரை திறக்கவே கூடாது. ஆசைக்கு ஒருமுறை பிரித்துவிட்டாலும், இடையிலுள்ள பாதுகாப்புச் சோதனையில் புட்டியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டியதுதான். முத்திரை சரியாக இருந்தாலும் எல்லா நாடுகளும் எல்லா நிலையங்களின் பைகளையும் ஏற்பதில்லை. எனவே, பணம் கட்டும் முன்பே உங்கள் போர்டிங் பாஸைக் காட்டி, அந்த வழியில் கொண்டுபோக முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

அமெரிக்கா வழியாக வேறு விமானம் பிடிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே பொதுவாக முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெட்டிகளைப் பெற்றுச் சுங்கச் சோதனையை முடித்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அந்த இடைவெளியில் புட்டியைத் துணிகளுக்கு நடுவே பெட்டிக்குள் வைத்துவிடலாம். கடைசி நிலையத்தில், விமானம் ஏறும் முன் வாங்குவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது. போய் இறங்கும் நிலையத்திலேயே அத்தகைய கடை இருந்தால் சுமப்பதும் மிச்சம்.

கேள்வி: டியூட்டி ஃப்ரீ கடையில் ரசீதோடு வாங்கிய பொருளுக்கு, இறங்கும் நாட்டில் சுங்கத் தீர்வை கேட்க முடியுமா?

பதில்: நிச்சயம் கேட்கலாம். புறப்படும் நாட்டின் வரியிலிருந்துதான் அந்தக் கடை உங்களுக்கு விலக்குப் பெற்றுத் தருகிறது; போய்ச் சேரும் நாடு தன் வரம்பைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்தில் வருபவர், கடுமையான மது என்றால் 1 லிட்டரும், மது, புகையிலை நீங்கலான பிற பொருள்களில் 430 யூரோ மதிப்புள்ளவையும் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். 500 யூரோ கைக்கடிகாரம் ஒன்றை வாங்கியிருந்தால், 70 யூரோவுக்கு மட்டும் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். தனிப் பொருளின் மதிப்பைப் பிரிக்க விதி இடம் தருவதில்லை என்பதால் முழுத் தொகைக்கும் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கே கிடையாது. எந்த நிலையத்தில் வாங்கிய கார்ட்டனாக இருந்தாலும் அறிவித்துத் தீர்வை கட்டியாக வேண்டும். வரம்பை மீறிவிட்டால், சுங்கத்தில் பொருள்களை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் வரும் அபராதம், மிச்சம் பிடித்த தொகையைப்போல் பல மடங்காக இருக்கும்.

கேள்வி: அட்டையில் பணம் செலுத்தும்போது, என் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா என்று கேட்கிறார்கள். எது நல்லது?

பதில்: கடை விலை எந்த நாணயத்தில் எழுதியிருக்கிறதோ அதிலேயே கழிக்கச் சொல்லுங்கள். உங்கள் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை உங்கள் வங்கி நிர்ணயிக்காமல், விற்பனையாளர் தரப்புச் சேவை நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்து நிர்ணயிக்கும்; டியூட்டி ஃப்ரீயில் கிடைத்த சிறு லாபம் அதிலேயே போய்விடலாம். பையில் அந்த நாட்டுச் சில்லறை மீந்திருந்தால் அதைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, மீதித் தொகையை மட்டும் அட்டையில் கழிக்கும்படி கேளுங்கள். பல கடைகளில் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். நாணயம் மாற்றும் இடங்களிலோ சில்லறைக் காசுகளைப் பெரும்பாலும் வாங்குவதில்லை.